ஏரிபி நாடியைத் தளர்த்துமா, சுருக்குமா?

தம்பி, நீர் கேட்டது மூன்று கேள்வி. அடினோசினும் ஏரிபியும் (ATP, கலத்தின் சக்தி நாணயம்) ஒரே பியூரின் குடும்பம். இரண்டும் இரத்தக்குழாயைத் தளர்த்தும் என்று ஒரு நூலில் இருக்கிறது, ஏரிபி சுருக்கும் என்று இன்னொரு நூலில் இருக்கிறது, எது சரி என்பது முதலாவது. சோதனைக்கு வெட்டிய நாடி (தமனி) வளையத்தின் உட்பக்கத்தை உரசி அகவணியை (உட்புறக் கலப்படையை) எடுத்துவிட்டால் அடினோசின் வழமைபோல வேலை செய்கிறது, ஏரிபி மட்டும் ஏன் குணம் மாறுகிறது என்பது இரண்டாவது. மூன்றாவது வீட்டுக் கேள்வி: அப்பாவுக்கு இதய ஸ்கானுக்கு முதல்நாள் கோப்பியும் தேத்தண்ணியும் வேண்டாம் என்றார்கள், யூரிக் அமிலம் கூடுதல் என்பதால் பியூரின் சாப்பாடும் வேண்டாம் என்கிறார்கள், அப்போ பியூரின் நல்லதா, கெட்டதா?

முதல் இரண்டுக்கும் விடை ஒன்றுதான். அடினோசின் பெரும்பாலான நாடிகளில் நேரே தசைக்குப் போய் அதைத் தளர்த்தும். ஏரிபியும், அதில் ஒரு பொசுபேற்று குறைந்த ஏடிபியும் (ADP) இரத்தம் ஓடுகிற பக்கத்தில் இருந்து வந்தால் அகவணியைக் கொண்டு தளர்த்துவிக்கும். நரம்பு இருக்கிற வெளிப்பக்கத்தில் இருந்து வந்தால் அதே ஏரிபி தசையைச் சுருக்கும். சோதனையிலும் சரி, நோயாளியிலும் சரி, ஏரிபி எந்தப் பக்கத்தில் நிற்கிறது, அங்கே அகவணி உயிரோடு இருக்கிறதா என்ற இரண்டையும் கேட்காமல் விடை சொல்ல முடியாது. இனி விரிவாக.

பியூரின் என்பது ஒரு வளையக் கட்டமைப்பின் பெயர். எமில் ஃபிஷருக்கு 1902இல் நோபல் பரிசு கிடைத்த வேலையில் பாதி இந்தக் கூட்டத்தைப் பற்றியதுதான். அடினின், குவானின், அடினினோடு சீனி மட்டும் சேர்ந்த அடினோசின், அதோடு பொசுபேற்று ஒன்று, இரண்டு, மூன்று சேர்ந்த ஏஎம்பி, ஏடிபி, ஏரிபி எல்லாம் இதற்குள் அடங்கும். யூரிக் அமிலமும் பியூரின்தான். கோப்பியில் இருக்கிற கஃபீனும், தொய்வுக்கு (ஆஸ்துமாவுக்கு) கொடுக்கிற தியோஃபிலினும் பியூரின்தான். இதை மனதில் வையும், கடைசியில் தேவைப்படும்.

இரத்தக்குழாய்க் கதை 1929இல் தொடங்குகிறது. கேம்பிரிட்ஜில் ட்ரூரியும் சென்ட்-ஜ்யோர்ஜியும் இதயத் தசையில் இருந்து எடுத்த சாற்றை விலங்குகளுக்கு ஏற்றிப் பார்த்தார்கள். இதயத் துடிப்பு மெதுவாகியது, இரத்த அழுத்தம் இறங்கியது, முடியுரு நாடிகள் (இதயத் தசைக்கே இரத்தம் கொண்டுபோகிறவை) விரிந்தன. சாற்றில் வேலை செய்த பொருள் ஒரு அடினின் சேர்வை என்று கண்டுபிடித்தார்கள். (அந்த சென்ட்-ஜ்யோர்ஜிதான் பிறகு விற்றமின் சி வேலையோடு 1937இல் நோபல் பரிசு வாங்கியவர்.) பிறகு கனகாலம் யாரும் இதைப் பெரிதாக எடுக்கவில்லை. 1963இல் ரொபேட் பேர்ண், இதயத் தசைக்கு ஒட்சிசன் குறையும்போது அது அடினோசினை வெளியே விடுகிறது, அந்த அடினோசின் முடியுரு நாடியை விரித்து இரத்தத்தைக் கூட்டுகிறது என்று ஒரு கருதுகோளை வைத்தார். அவர் இதயத்தில் இருந்து வெளியேறும் இரத்தத்தில் அளந்தது அடினோசினை அல்ல. அது உடைந்து வருகிற இனோசினையும் ஹைப்போசாந்தினையும். அடினோசின் இரத்தத்தில் 10 செக்கனுக்குள் பாதியாகிவிடும், ஆகவே உடைந்த துண்டுகளை வைத்துத்தான் அதைப் பிடிக்க வேண்டியிருந்தது.

ஒரு உதாரணம் சொல்கிறேன். ஆடி மாதச் சோளகக் காற்றுக்கு எதிராகப் பண்ணைப் பாலத்தால் வேலணைப் பக்கம் சைக்கிள் மிதித்துப் பாரும். தொடைத் தசை ஏரிபியைச் செலவழிக்கிற வேகம் அதை மீள உண்டாக்குகிற வேகத்தை முந்தும். ஏஎம்பி குவியும், அதில் இருந்து அடினோசின் உண்டாகிக் கலத்துக்கு வெளியே வரும். பக்கத்துச் சிறுநாடியின் மழமழப்பான தசையில் ஏ2ஏ, ஏ2பி என்ற வாங்கிகள் (வெளிச் செய்தியை வாங்குகிற புரதங்கள்) இருக்கின்றன. அடினோசின் அவற்றில் போய் இருந்தால் உள்ளே வட்ட ஏஎம்பி என்ற உட்தூதுப் பொருள் கூடும், பொற்றாசியம் கால்வாய்கள் திறக்கும், கல்சியம் உள்ளே வருவது குறையும், தசை தளரும். எந்த இடத்துத் தசை களைக்கிறதோ அந்த இடத்து நாடி விரிகிறது. மூளையோ நரம்போ கட்டளை இட வேண்டிய அவசியம் இல்லை. இந்தப் பாதையில் அகவணி கட்டாயமாகத் தேவைப்படாது. வாங்கி தசையிலேயே இருக்கிறது. உம்முடைய இரண்டாவது கேள்வியின் பாதி இதோடு முடிந்தது.

மற்றப் பாதிக்கு ஃபேர்ச்கொட் என்ற மருந்தியலாளரிடம் போக வேண்டும். இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த பரிசோதனை அவருடையது. நியூயோர்க் புரூக்ளினில் முயலின் பெருநாடியைக் கீலங்களாக (பட்டிகளாக) வெட்டி வேலை செய்தவர். அசற்றைல்கோலின் என்ற நரம்புக் கடத்தி உயிருள்ள விலங்கில் இரத்த அழுத்தத்தை இறக்கும். ஆனால் அவருடைய கீலங்களைச் சுருக்கியது. 1950களில் இருந்து அப்படித்தான். 1978இல் உதவியாளர் ஒருவர் சோதனையின் ஒழுங்கை மாற்றிச் செய்தபோது, நாடி சுருங்குவதற்குப் பதிலாகத் தளர்ந்தது. தேடிப் பார்த்ததில் வந்த காரணம் சிறியது: நாடியைத் தயாரிக்கும்போது உட்பக்கம் எங்காவது உரசினால் தளர்வு இல்லை, உரசாவிட்டால் தளர்வு உண்டு. அதுவரை அகவணி என்பது ஒரு கலம் தடிப்பான வெறும் உட்பூச்சு என்றுதான் பலரும் நினைத்திருந்தார்கள்.

அதோடு அவர் நிற்கவில்லை. அகவணி நீக்கிய ஒரு கீலத்தையும் அகவணி உள்ள இன்னொரு கீலத்தையும் உட்பக்கமும் உட்பக்கமும் முட்ட ஒட்டவைத்து, அகவணி இல்லாததின் இழுவிசையை மட்டும் அளந்தார். அசற்றைல்கோலின் போட்டதும் அது தளர்ந்தது. பக்கத்துக் கீலத்தின் அகவணியில் இருந்து ஏதோ ஒன்று கசிந்து வந்திருக்க வேண்டும், வேறு வழி இல்லை. சவட்ஸ்கியோடு சேர்ந்து 1980இல் நேச்சர் இதழில் வெளியிட்டார். அந்த "ஏதோ ஒன்று" நைத்திரிக் ஒட்சைட்டு என்று 1987 அளவில் உறுதியானது. 1998இல் ஃபேர்ச்கொட், இக்னாரோ, முராட் மூவருக்கும் நோபல் பரிசு.

பியூரின் இதற்குள் எங்கே வருகிறது? அடுத்த வருடமே, 1981இல், டி மேயும் வன்ஹூட்டும் நாயின் தொடை நாடியில் இதே உரசல் வித்தையைப் பியூரின்களுக்குச் செய்து பார்த்தார்கள். அகவணியை எடுத்ததும் ஏரிபியும் ஏடிபியும் தருகிற தளர்வு நன்றாகக் குறைந்தது. அடினோசினும் ஏஎம்பியும் தருகிற தளர்வு அசையவில்லை. நீர் ஆய்வுகூடத்தில் பார்த்ததும் இதேதான். பொசுபேற்று இரண்டோ மூன்றோ இருந்தால் அகவணி வழி, ஒன்று மட்டுமோ ஒன்றுமே இல்லையோ என்றால் தசை வழி என்று பரீட்சைக்கு ஞாபகம் வைத்துக்கொள்ளலாம், விதிவிலக்கு பிறகு வருகிறது.

அகவணிக் கலத்துக்குள் நடப்பது இது. ஏடிபி பி2வை1 வாங்கியிலும், ஏரிபி பி2வை2 வாங்கியிலும் முக்கியமாக இருக்கின்றன. இரண்டும் ஐபி3 என்ற உட்தூதுப் பொருள் வழியாகக் கலத்தின் உட்சேமிப்பில் இருந்து கல்சியத்தை விடுவிக்கின்றன. கல்சியம் கல்மொடியூலின் என்ற புரதத்தோடு சேர்ந்து நைத்திரிக் ஒட்சைட்டை உண்டாக்கும் நொதியத்தைத் தட்டி எழுப்பும். ஆர்ஜினினில் இருந்து நைத்திரிக் ஒட்சைட்டு உண்டாகும். அது வாயு, அதற்கு வாங்கியும் கால்வாயும் வேண்டாம், மென்சவ்வு ஊடாகத் தசைக்குள் பரவி வட்ட ஜிஎம்பியைக் கூட்டும், தசை தளரும். கல்சியம் அகவணிக்குள் கூடினால் தசை தளர்கிறது, தசைக்குள் கூடினால் தசை சுருங்குகிறது. இந்த இடத்தில்தான் முதலாம் வருடத்தில் முக்கால்வாசிப் பேர் குழம்புவார்கள். எந்தக் கலத்துக் கல்சியம் என்று எழுதாமல் "கல்சியம் கூடும்" என்று மட்டும் எழுதினால் விடை பாதிதான்.

அகவணி நைத்திரிக் ஒட்சைட்டை மட்டும் நம்பியிருக்கவில்லை. தசையைத் தளர்த்துகிற புரொஸ்ரசைக்கிளினும் விடும். சிறிய நாடிகளில் அகவணிக் கலமே மின்னியல் ரீதியாக மிகை முனைவாகி (உட்பக்கம் மேலும் எதிர்மின்னாகி) அந்த மாற்றத்தைத் தசைக்குக் கடத்துவதுதான் பெரும்பங்கு. ஆகவே நைத்திரிக் ஒட்சைட்டு நொதியத்துக்கு மட்டும் தடையைப் போட்டுவிட்டுத் தளர்வு மிஞ்சினால் பயப்பட வேண்டாம்.

இனி வெளிப்பக்கம். நாடியின் வெளிப்போர்வையில் பரிவு நரம்புகள் (தன்னிச்சையாக இயங்கும் sympathetic நரம்புகள்) முடிகின்றன. அவை நோரட்ரினலினோடு ஏரிபியையும் சேர்த்தே விடுகின்றன. ஏரிபி ஒரு நரம்புக் கடத்தி என்று பேர்ன்ஸ்ரொக் 1972இல் சொன்னபோது பலரும் நம்பவில்லை. கலத்தின் சக்தி நாணயத்தை யாராவது தெருவில் எறிவார்களா என்பது போன்ற கேள்விதான் எழுந்தது. வாங்கிகளின் மரபணுக்கள் 1990களின் தொடக்கத்தில் கைக்கு வந்த பிறகுதான் அந்த வாதம் அடங்கியது. நரம்பில் இருந்து வருகிற ஏரிபி தசையில் உள்ள பி2எக்ஸ்1 என்ற வாங்கியில் இருக்கிறது. அது வாங்கியும் கால்வாயும் ஒன்றாக இருப்பது. திறந்தவுடன் சோடியமும் கல்சியமும் தசைக்குள் பாயும், தசை கெதியாகச் சுருங்கும். 1985இல் கெனடி, டெல்ப்ரோ, பேர்ன்ஸ்ரொக் மூவரும் எலியின் தொடை நாடியில் இரண்டையும் சேர்த்துக் காட்டினார்கள்: தசையில் பி2எக்ஸ் சுருக்குகிறது, அகவணியில் பி2வை தளர்த்துகிறது. உம்முடைய இரண்டு நூல்களும் பிழை இல்லை. ஒன்று உள்ளே நின்று எழுதியது, மற்றது வெளியே நின்று எழுதியது.

உட்பக்கத்தில் ஏரிபி எங்கிருந்து வரும் என்பதைப் பல நூல்கள் ஒரு வரியில் கடந்துவிடும். எனக்கு அதுதான் இந்த முழு விடயத்தின் நடு. கலத்துக்குள் ஏரிபி மில்லிமோலர் அளவில் இருக்கிறது. வெளியே சாதாரண நேரத்தில் அதில் ஆயிரத்தில் ஒரு பங்கும் இல்லை. ஆகவே சிறிது கசிந்தாலும் அது பெரிய செய்தி. இரத்தம் வேகமாக ஓடி உரசும்போது அகவணிக் கலங்களே ஏரிபியை விட்டு, தம் வாங்கிகளைத் தாமே தட்டிக்கொள்கின்றன. செங்குழியம் ஒட்சிசனை இறக்கிவிட்ட நிலையில் ஏரிபியை விடுகிறது. இதைக் கொஞ்சம் யோசித்துப் பாரும்: ஒட்சிசனைக் காவுகிற அதே கலம், ஒட்சிசன் எங்கே குறைகிறது என்று உணர்ந்து அந்த இடத்து அகவணிக்கு அறிவிக்கிறது. பண்ணைப் பாலத்தில் மிதிக்கிற காலுக்கு உள்ளிருந்து ஏரிபியும், வெளியே தசையில் இருந்து அடினோசினும் ஒரே நேரத்தில் வேலை செய்கின்றன.

மூன்றாவது ஊற்று குருதிச் சிறுதட்டு (இரத்தத்தை உறையவைக்க உதவுகிற சிறு துணிக்கை). இதில் கொஞ்சம் நிற்க வேண்டும். சிறுதட்டுகள் ஒன்றுகூடும்போது செரற்றோனினும் துரொம்பொக்சேன் ஏ2வும் விடும். இரண்டும் நாடித் தசையைச் சுருக்கும். கூடவே ஏடிபியும் ஏரிபியும் விடும். அகவணி நன்றாக இருக்கிற நாடியில் இந்த ஏடிபி அகவணியைத் தட்டி நைத்திரிக் ஒட்சைட்டையும் புரொஸ்ரசைக்கிளினையும் வரவழைக்கும். குழாய் விரியும், சிறுதட்டுகள் மேலும் கூடுவதும் தடைப்படும், தவறுதலாகத் தொடங்கிய இரத்தக்கட்டி அங்கேயே கரையும். அகவணி உரிந்துபோன இடத்தில் ஏடிபிக்குப் பதில் சொல்ல ஆள் இல்லை. சுருக்குகிறவை மட்டும் மிஞ்சும். கோயன், ஷெப்பர்ட், வன்ஹூட் 1983இல் நாயின் முடியுரு நாடியில் இதை நேரே காட்டினார்கள்: ஒன்றுகூடிய சிறுதட்டுகள் அகவணி உள்ள நாடியைத் தளர்த்தின, இல்லாத நாடியைச் சுருக்கின. காயம்பட்ட குழாய்க்கு இது நல்ல ஏற்பாடு, இரத்தம் நிற்க வேண்டும் அல்லவா. கொழுப்புப் படிந்து அகவணி கெட்டுப்போன முடியுரு நாடிக்கு அதே ஏற்பாடு ஆபத்து. மனிதரிலும் 1986இல் லட்மரும் கூட்டாளிகளும், அடைப்பு விழுந்த முடியுரு நாடிக்குள் அசற்றைல்கோலினை ஏற்றியபோது அது விரியாமல் சுருங்கியதைக் கண்டார்கள். சீனி வருத்தம், பிறஷர், சிகரெட், கொலஸ்ரறோல் எல்லாம் அடைப்புக்கு முன்னரே அகவணியின் இந்தப் பதிலைக் கெடுக்கின்றன. மாரடைப்புக்குப் பிறகு கொடுக்கிற குளோப்பிடோக்ரெல் குளிசை தடுப்பது சிறுதட்டில் உள்ள பி2வை12 என்ற வாங்கியை. அதுவும் ஏடிபியின் வாங்கிதான். நெஞ்சு நோவுக்கு நாக்குக்குக் கீழே வைக்கிற ஜிரிஎன் (GTN) குளிசை நைத்திரிக் ஒட்சைட்டைத் தசைக்கே நேரடியாகக் கொடுக்கிறது, அதனால்தான் அகவணி கெட்ட நோயாளியிலும் அது கேட்கிறது.

சோதனை செய்யும்போது ஒரு பொறி உண்டு. ஏரிபியைச் சோதனைத் தொட்டியில் போட்டதும் அது ஏரிபியாகவே நிற்காது. அகவணியின் மேற்பரப்பில் சிடி39 என்ற நொதியம் ஏரிபியையும் ஏடிபியையும் ஏஎம்பி ஆக்கும், சிடி73 அதை அடினோசின் ஆக்கும். ஆகவே நீர் பார்க்கிற "ஏரிபித் தளர்வு" ஒரு பங்கு அடினோசின் தளர்வாக இருக்கலாம். அகவணியை எடுத்த பிறகும் ஏரிபி கொஞ்சம் தளர்த்தினால் முதலில் இதைச் சந்தேகியும். அடினோசின் வாங்கியைத் தடுக்கிற 8-ஃபீனைல்தியோஃபிலினைப் போட்டு மறுபடி செய்து பாரும். அகவணி உண்மையில் போய்விட்டதா என்று அசற்றைல்கோலினால் உறுதி செய்யாமல் எந்த முடிவும் எழுத வேண்டாம். தசையை முதலில் ஃபீனைல்எஃப்ரின் என்ற மருந்தால் சுருக்கி வைக்காமல் தளர்வை அளக்க முடியாது என்பதும் உமக்குத் தெரியும், ஆனாலும் அறிக்கையில் எழுத மறக்கிறார்கள்.

விதிவிலக்குகள் சில. பன்றியின் பெருநாடியில் அடினோசினின் தளர்வில் ஒரு பங்கு அகவணி வழியாக வருகிறது. முயலின் சில நாடிகளில் ஏரிபி தளர்த்துகிற வாங்கி தசையிலேயே இருக்கிறது. சிறுநீரகத்தில் அடினோசின் தலைகீழ்: வடிகட்டிக்கு இரத்தத்தைக் கொண்டுவருகிற சிறுநாடியை ஏ1 வாங்கி மூலம் சுருக்குகிறது. உப்பு கூடுதலாக வடிந்து போனால் வடிகட்டலைக் குறைக்க வேண்டும், அதற்கு இந்தச் சுருக்கம் தேவை. ஆகவே விலங்கின் பெயரையும் நாடியின் பெயரையும் சொல்லாமல் எழுதிய முடிவை நம்ப வேண்டாம்.

அப்பாவின் ஸ்கான். ஓட முடியாதவர்களுக்கு, ஓடும்போது வருகிற விரிவை அடினோசின் மருந்தால் வரவழைப்பார்கள். வழமையான அளவு ஒரு கிலோ நிறைக்கு ஒரு நிமிடத்துக்கு 140 மைக்ரோகிராம், நாளத்தால் சில நிமிடம். நல்ல முடியுரு நாடியில் இரத்த ஓட்டம் பல மடங்கு கூடும். அடைப்புக்கு அப்பால் உள்ள சிறுநாடிகள் ஏற்கெனவே முழுதாக விரிந்துதான் இருக்கும், அவற்றால் மேலும் விரிய முடியாது. அந்த வித்தியாசத்தைத்தான் ஸ்கான் படம் பிடிக்கிறது. கஃபீன் அடினோசினின் வாங்கியில் போய்க் குந்திக்கொண்டு அதை உள்ளே விடாது. கோப்பி குடித்துவிட்டுப் போனால் நல்ல நாடியும் விரியாது, அடைப்பு படத்தில் மறைந்துபோகும். அதனால்தான் 12 தொடக்கம் 24 மணித்தியாலம் நிறுத்தச் சொல்கிறார்கள். எங்கள் ஆட்கள் கோப்பி வேண்டாம் என்றால் பிளேன்ரீ குடிப்பார்கள். தேயிலையிலும் கஃபீன் உண்டு, சொக்லேற்றிலும் கோலாவிலும் உண்டு. மல்லித் தண்ணியில் கோப்பித்தூள் சேர்க்காவிட்டால் பிரச்சினை இல்லை. அப்பாவுக்குத் தொய்வு இருந்தாலோ, தியோஃபிலின் அல்லது டைபிரிடமோல் குளிசை எடுத்தாலோ மருத்துவரிடம் கட்டாயம் முன்கூட்டியே சொல்லட்டும். அடினோசின் சிலருக்கு மூச்சுக்குழாயைச் சுருக்கும். டைபிரிடமோல் அடினோசினைக் கலங்கள் உள்ளே எடுப்பதைத் தடுத்து அதன் வேலையை வெகுவாகக் கூட்டும். குளிசையைத் தானாக நிறுத்தவும் வேண்டாம், சொல்லிவிட்டு அவர்கள் சொல்கிறபடி செய்யட்டும்.

யூரிக் அமிலத்துக்கு இரத்தக்குழாய்க் கதையோடு குடும்பப் பெயர்தான் ஒன்று. சூடை, நெத்தலி, கணவாய், ஆட்டு ஈரல் சாப்பிட்டால் அவற்றின் பியூரின் நாடியை விரிக்கப் போவதில்லை. குடலும் ஈரலும் அதைப் பெரும்பாலும் உடைத்து யூரிக் அமிலமாக்கிவிடும். அடினோசினாக இரத்தத்தில் சுற்றுவதற்கு மிஞ்சாது. மற்றப் பல பாலூட்டிகளிடம் யூரிக் அமிலத்தை மேலும் உடைக்கிற நொதியம் இருக்கிறது, மனிதரிடம் இல்லை, அதனால்தான் பெருவிரல் மூட்டில் போய்ப் படிகிறது. அதற்குக் கொடுக்கிற அலோபியூரினோலும் பியூரினைப் போன்ற வளையந்தான், ஹைப்போசாந்தினின் அணுக்களை இடம் மாற்றி அமைத்தது. அப்பா ஒடியல் கூழை விட முடியாது என்றால் நண்டு, இறால், கணவாய் எல்லாவற்றையும் ஒரே சட்டியில் அள்ளிப் போடாமல், மரவள்ளியும் பயிற்றங்காயும் பலாக்கொட்டையும் கூட்டி மீனைக் குறைத்துக் காய்ச்சச் சொல்லும். காய்கறியில் உள்ள பியூரினுக்கு அவ்வளவு பயப்படத் தேவையில்லை. கள்ளையும் பியரையும் குறைப்பதுதான் அவருக்கு முதல் வேலை.